சப்பாத்தோடு உள்ளே வந்தாய்

அக்கா,

நேற்று மாலை நம் வீட்டில் ஜெபக் கூட்டம். கோயிலில் இருந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வெயிலில் வைத்திருந்ததால் அந்தச் சூடான பிளாஸ்டிக் வாசனை கூடம் முழுவதும் பரவிவிட்டது. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டேன். எல்லாரும் உட்கார்ந்த பிறகு, மிச்சமிருந்த நாற்காலிகளில் ஒன்றில் கையை ஊன்றி அழுத்திப் பார்த்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ரோஸ்லின் அதைக் கவனித்துவிட்டாள்.

“ஏன்டி, நாக்காலி கடிக்குமா?”

“இருக்கான்னு பாத்தேன்.”

“கண்ணு முன்னால இருக்குற நாக்காலிய இருக்கான்னு தொட்டுப் பாக்குற ஒரே ஆளு நீதான் லா!”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்கு உன்மேல் கோபம் வந்தது. கோபத்தோடு ஜெபம் சொல்லக் கூடாது என்பார் அம்மா. நான் கோபத்தோடுதான் சொன்னேன்.

ரோஸ்லின் குடும்பம் பெர்மாஸ் ஜெயாவுக்கு இந்த ஆண்டுதான் குடிவந்தது. அவளுக்கு உன்னைத் தெரியாது. சுவரில் உன் படத்தைப் பார்த்துவிட்டு, “உங்க அக்கா என்ன வேலை செஞ்சாங்க?” என்று கேட்டாள். அம்மா, “யூனிவர்சிட்டில ஆராய்ச்சி” என்று சொல்லிவிட்டு மீ ஹூன் தட்டை எடுக்கச் சமையலறைக்குப் போய்விட்டார். மிச்சத்தை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பாதியில் வார்த்தை நின்றுவிட்டது. அதனால்தான் இதை உனக்கே எழுதுகிறேன்.

தலையில் மாட்டும் கண்ணாடி வழியாகவோ டேப்லெட் வழியாகவோ நம் கூடத்தைப் பார்த்தால், அங்கே இல்லாத ஒரு பொருளை இருப்பதுபோலக் காட்டும் தொழில்நுட்பம் உன்னுடையது. புத்தகத்தில் அதை ‘மிகை மெய்ம்மை’ என்று போட்டிருக்கிறார்கள். நீ ‘ஏ.ஆர்.’ என்பாய். கூலாய் ஊரில் இருக்கும் அம்மாவின் அண்ணன், நம் கூலாய் மாமா வைத்த பெயர் ‘இல்லாத சாமான்’. அதிலும் உன் ஆராய்ச்சி ஒரு சின்ன மூலையில் இருந்தது. ஒரு பொருள் தரையைத் தொடும் இடத்தில் விழுகிற நிழல். நாற்காலிக் கால் தரையில் படும் இடத்தில், ஒரு விரல் அகலம்கூட வராத கறுப்பு. அது சரியாக விழாவிட்டால் எவ்வளவு அழகாக வரைந்த பொருளும் மிதக்கும் என்றாய்.

“கண்ணு முதல்ல காலத்தான் பாக்கும். கால் தரையில நிக்கலன்னா மூளை நம்பாது. பேய்க் கதையில எல்லாம் என்ன சொல்றாங்க? காலப் பாருன்னுதானே?”

இதைச் சொல்லிவிட்டு நீ கூடத்தில் குப்புறப் படுத்துவிடுவாய். கன்னம் டைல்ஸில் ஒட்டியிருக்கும். மேசைக்கால், பூந்தொட்டி, பூனையின் பாதம் எல்லாவற்றின் நிழலையும் படம் எடுப்பாய். பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குக் கூட்டிப்போனால் எல்லாரும் தின்பதற்கு என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். நீ கடைகளின் இரும்புக் கால்களைப் பார்த்துக்கொண்டு வருவாய்.

உன் சோதனைப் பொருள் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. ஏன் அது என்று கேட்டேன். “கல்யாணம், கருமாதி, ஜெபக் கூட்டம், எல்லாத்துலயும் இதுதான் லா. நாம இதுல உக்காந்தே வளந்தோம். தப்பா இருந்தா யாரும் கண்டுபிடிச்சிருவாங்க” என்றாய். டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அந்த இல்லாத நாற்காலியை நிறுத்தியிருந்தாய். ஒருநாள் அம்மா துடைப்பத்தோடு நேராக அதற்குள் நடந்தார்.

“அம்மா! நாக்காலி!” என்று கத்தினாய்.

“எந்த நாக்காலி?”

“உங்க கால் அதுக்குள்ளதாம்மா இருக்கு!”

“வயசுப் பொண்ணு தரையில கவுந்து கெடக்குற. இல்லாத நாக்காலிக்கு நான் இருக்குற வீட்ட கூட்டாம விடணுமா? எந்திரி!”

என்னை நீ சோதனைக்கு வைத்துக்கொண்டாய். நிஜ நாற்காலி ஒன்று, பொய் நாற்காலி ஒன்று. “ஏய் புரொபசர், புத்தகத்த மூடு. இங்க வா. எது நிஜம்?” நான் சரியாகச் சொன்னால் ஒரு கிண்ணம் செண்டோல். நான் எப்போதும் சரியாகச் சொன்னேன். உனக்கு எரிச்சலாக வந்தது. ரகசியத்தைச் சொன்னேன்: கோயில் நாற்காலி எல்லாவற்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் சிலுவைக் குறி இருக்கும், ஒரு பக்கம் கீறியிருக்கும், உன்னுடையது கடையில் இருந்து வந்ததுபோல இருக்கிறது. நீ அன்றே உட்கார்ந்து குறியையும் கீறலையும் வரைந்தாய். அதற்குப் பிறகு எனக்குச் செண்டோல் கிடைக்கவில்லை.

உனக்கு யாரும் மாலை போடவில்லை என்பதையும் எழுதுகிறேன். நீ அனுப்பிய கட்டுரை ஒன்று திரும்பி வந்தது. நிழலைப் பற்றி இனி ஆராய என்ன இருக்கிறது என்று அதை மதிப்பிடப் படித்தவர் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, மீன் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்படி ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டினாய். சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் உன்னைக் கூப்பிட்டது. பாலம் தாண்டிப் போய்வந்தாய். “சோபா விக்க என் நிழல் வேணுமாம்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய். போகவில்லை. பெரியம்மா வீட்டில் எல்லாரும் பேசினார்கள். “அங்க வேலை கெடச்சும் வேணாம்னுட்டு, கண்ணாடிய மாட்டிக்கிட்டு காத்துல கைய ஆட்டிக்கிட்டு இருக்கா. எவன் கட்டுவான்?” எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்ல எழுந்தேன். நீ என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய். “விடு லா புரொபசர். அவங்க கைய ஆட்டாமலா பேசுறாங்க?”

பிறகு அந்தக் கிறிஸ்துமஸ்.

வீடு முழுக்க ஆட்கள். கூலாய் மாமா அந்தப் பெரிய கண்ணாடியைத் தனக்கும் மாட்டிவிடச் சொன்னார். மாட்டிவிட்டாய். மாமா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். குடிலைப் பார்த்தார், நட்சத்திர விளக்கைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். “ஒண்ணும் தெரியலையேம்மா, எல்லாம் எப்பவும்போலத்தான் இருக்கு” என்றார். பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் நடந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, உன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மாமா தரையில் கிடந்தார். அத்தை ஓடிவந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நீ ஒருத்திதான் கைதட்டினாய். “உக்காந்துட்டாரு! யோசிக்காம உக்காந்துட்டாரு!” என்று குதித்தாய். உன் ஆராய்ச்சி வென்றுவிட்டது. மாமாவின் இடுப்பு தோற்றுவிட்டது.

“ஆள விழ வைக்கத்தான் இத்தன வருஷம் படிச்சியா?” என்று அத்தை கத்தினார்.

ஐஸ் துணியை இடுப்பில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்த மாமா தான் விழுந்த இடத்தையே பார்த்தார். பிறகு உன்னிடம் கேட்டார்: “ஏம்மா, எங்கப்பாவ இப்படி உக்கார வைக்க முடியுமா? படம் இருக்கு. ஒரே ஒரு தடவ பாக்கணும்.”

நீ மாமாவின் காலடியில் உட்கார்ந்தாய்.

“முடியும் மாமா. ஆனா நான் செய்ய மாட்டேன். நாக்காலி பொய் சொன்னா இடுப்புதான் வலிக்கும், மருந்து தடவலாம். மனுஷங்கள வச்சு பொய் சொன்னா எங்க வலிக்கும்னு எனக்கே தெரியல. நான் மனுஷங்கள வைக்க மாட்டேன்.”

அம்மா அதைக் கேட்டார். மாமா கேட்டார். நான் கேட்டேன். உன்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த நூருல் அக்கா அன்று விருந்துக்கு வந்திருந்தார். மாமா என்ன கேட்டார் என்று அவர் விசாரித்தபோது நீ அதையே மலாயில் அவருக்கும் சொன்னாய்.

அடுத்த பள்ளி விடுமுறையில் என்னைக் காஹாங்குக்குக் கூட்டிப்போனாய். செம்பனைத் தோட்டத்து வெளிச்சம் உனக்கு வேண்டும். மட்டைகள் அசைய அசைய வெயில் துண்டு துண்டாக விழும், ஓர் இடத்தில் நிற்காது. அங்கே உன் நாற்காலி நின்றுவிட்டால் எங்கேயும் நிற்கும் என்றாய். நான் ஒரு மரத்தடியில் புத்தகம் படித்தேன். நீ சேற்றில் குப்புறப் படுத்திருந்தாய். கொசு பிடுங்கியது. நான் பூசிக்கொண்டு உன்னிடமும் மருந்தை நீட்டினேன். “அப்புறம், அப்புறம். வெளிச்சம் போயிரும்” என்றாய்.

அதற்குப் பிறகும் நீ தனியாகப் பலமுறை போய்வந்தாய். ஒருமுறை காய்ச்சலோடு வந்தாய். அம்மா கிளினிக்குக்குக் கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். “பனடோல் போட்டாச்சு லா. கட்டுரைய அனுப்பிட்டு வர்றேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டாய். கட்டுரையை அனுப்பினாய். பிறகுதான் கிளம்பினாய். டெங்கி என்றார்கள். நீ வீட்டுக்குத் திரும்பவில்லை.

இதை எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு நாற்காலிக் காலின் நிழலை அவ்வளவு உற்றுப் பார்த்தவளுக்குத் தன் உடம்பைப் பார்க்க நேரமில்லை. அந்தக் கட்டுரை ஏற்கப்பட்டது. உன் பெயரைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டிக் கதவில் பழைய பக்கத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டினேன். யாரைப் பழிவாங்க ஒட்டினேன் என்று தெரியவில்லை.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து சில வாரங்களில் நூருல் அக்கா வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். அம்மா மைலோ கலக்கிக் கொடுத்தார். நூருல் அக்கா அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு பையில் இருந்து அந்தப் பெரிய கண்ணாடியை எடுத்தார்.

“மக்சிக், ஒண்ணு காட்டணும்” என்று மலாயில் அம்மாவிடம் சொன்னார். அம்மாவின் தலையில் மெதுவாக மாட்டிவிட்டார். “வாசல் பக்கம் திரும்புங்க.”

அம்மா திரும்பினார். முதலில் தலை தாழ்ந்தது. கீழே பார்த்தார். விரலை வாசலுக்கு நீட்டினார்.

“ஏய், சப்பாத்த கழட்டிட்டு உள்ள வாடி! இப்பதான் மாப் போட்டேன்!”

நீ போன பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. நீ ஆய்வுக்கூடத்தில் இருந்து பசியோடு நேராகச் சமையலறைக்குப் பாயும்போது அம்மா போடும் அதே சத்தம். அடுத்த நொடி அம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றது. யாரைத் திட்டினோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

நூருல் அக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அம்மாவின் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தார். வாசல், சப்பாத்து அடுக்கு, அதில் அவருடைய சப்பாத்து. அவருக்கும் விளங்கிவிட்டது. தன்னுடையதைக் கழற்றிவிட்டு உன்னைச் சப்பாத்தோடு உள்ளே கூட்டி வந்திருந்தார். மைலோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினார்.

“அலமாக், நான் யோசிக்கவே இல்ல மக்சிக். மன்னிச்சிருங்க.”

கண்ணாடியை நானும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். வாசலுக்கு உள்ளே, மிதியடிக்கு இந்தப் பக்கம், நீ நின்றாய். ஆய்வுக்கூடத்தில் எல்லாருடைய உடம்பையும் ஒருமுறை அளவெடுத்தார்கள் என்று சொன்னாயே, அந்த உருவம். நீலச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து. சப்பாத்தின் அடியில், ஒரு விரல் அகலம்கூட வராத கறுப்பு. உன் நிழல். நீ கண்டுபிடித்த நிழலை உன் காலிலேயே ஒட்டியிருந்தார்கள். கண்ணு முதல்ல காலத்தான் பாக்கும் என்றாயே, நீ சொன்னது சரி. அம்மா உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைத்தான் பார்த்தார். நம்பிவிட்டார். மாமா உட்கார்ந்ததுபோல, யோசிக்காமல்.

கைதட்ட யாரும் இல்லை.

“சப்பாத்த எடுக்க முடியாதா?” என்று அம்மா மலாயில் கேட்டார்.

“முடியாது மக்சிக். அன்னிக்கு எப்படி நின்னாளோ அப்படித்தான்.”

அம்மா கண்ணாடியை என்னிடம் இருந்து வாங்கி மறுபடி மாட்டிக்கொண்டார். “பரவால்ல. இருக்கட்டும்” என்றார்.

பிறகுதான் நூருல் அக்கா வந்த காரணத்தைச் சொன்னார். புதிய ஆய்வுக்கூடத் திறப்பு விழா. பேராசிரியர் உன் உருவத்தை நுழைவாயிலில் நிறுத்தப் போகிறார். வருகிறவர்களை நீ வரவேற்பாய். அம்மா சம்மதிக்க வேண்டும்.

“அக்கா மனுஷங்கள வைக்க மாட்டேன்னு சொன்னா” என்று மலாயில் சொன்னேன். “உங்களுக்கும் தெரியும்.”

என்னை எப்போதும் ‘அடிக்’, அதாவது தங்கச்சி, என்று கூப்பிடும் நூருல் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். “தெரியும் அடிக். பேராசிரியர் கேட்டார். எனக்கும் அவளப் பாக்கணும்போல இருந்துச்சு.”

அம்மா பக்கம் திரும்பினேன். “அம்மா, நீங்களும் கேட்டீங்க. மாமாகிட்ட அவ சொன்னத கேட்டீங்க.”

“சொன்னவ இப்ப எங்க?” என்றார் அம்மா. கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார். “நாலு பேரு அவளப் பாக்கட்டும். நீ போய்ப் படி.”

போனேன். படிக்கவில்லை. ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா இருந்திருந்தால் அவரிடம் போயிருப்பேன். நீ இருந்திருந்தால் உன்னிடம் வந்திருப்பேன். உன்னைப் பற்றிய சண்டையில் உனக்காகப் பேச நான் மட்டும்தான் இருந்தேன். அதற்கும் உன்மேல் கோபம்.

விழாவுக்குக் கூலாய் மாமாவின் வேனில் போனோம். பல்கலைக்கழகத்தின் அந்தக் கட்டடம் உனக்குத் தெரியும். நுழைந்ததும் சுவரளவு பெரிய திரை வைத்திருந்தார்கள். கேமரா நுழைவாயிலைப் படம் பிடிக்க, திரையில் வருகிறவர்கள் தெரிவார்கள். அவர்களுக்கு நடுவில் நீ.

நீ கையாட்டினாய். அது உன் கையாட்டல் இல்லை. யாரைப் பார்த்தாலும் நீ தாடையை மட்டும்தான் தூக்குவாய். எங்கிருந்தோ வாங்கிய அசைவை உன் தோளில் மாட்டியிருந்தார்கள். பொம்மைக் கடை வாசலில் நிற்கும் பொம்மைபோல ஆட்டினாய், நிறுத்தினாய், மறுபடி ஆட்டினாய். மேலே மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது: எங்கள் மறைந்த ஆய்வாளருக்கு வணக்கம் சொல்லுங்கள்.

வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். உன் தோளில் கைபோடுவதுபோல நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் தப்பில்லை என்று முதலில் நினைக்கப் பார்த்தேன். பிறகு டை கட்டிய ஒருவர் தன் நண்பரை நிறுத்தி, “இன்னும் உள்ள தள்ளி நில்லு, அவ வயித்துல இருந்து உன் கை வர்ற மாதிரி” என்றார். நண்பர் உனக்குள் கையை விட்டு ஆட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ சிரித்தபடி கையாட்டிக்கொண்டே இருந்தாய்.

அம்மாவைப் பார்த்தேன். அம்மா கைப்பையின் வாரை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் கூடம் முழுவதும் சுவரில் படங்கள், விளக்கங்கள். நான் ஒன்றுவிடாமல் படித்தேன். எல்லாவற்றையும் படிப்பது என் பழக்கம், உனக்குத் தெரியும். யார் பணம் கொடுத்தார்கள், யார் ரிப்பன் வெட்டுகிறார்கள் என்றெல்லாம் இருந்தது. நிழலைப் பற்றி ஒரு வரி இல்லை. உன் காலடியில் இருந்த அந்தக் கறுப்பு யார் செய்தது என்று எங்கும் இல்லை. உன் உடம்பை வாசலில் நிறுத்திவிட்டு உன் வேலையை வெளியே விட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டு மேசைப் பக்கம் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. சிவப்பு பிளாஸ்டிக். ஒன்றை உருவி எடுத்துத் தரையில் கிறீச் கிறீச் என்று இழுத்துக்கொண்டு வந்தேன். நீ நின்ற இடத்தில் சரியாகப் போட்டேன். கையால் அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

திரையில் எல்லாம் உடைந்தது. முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவரை மறைக்க வேண்டும் என்ற கணக்கை அதில் சேர்க்க நேரமில்லை என்று நூருல் அக்கா முன்பே சொல்லியிருந்தார். என் தலைமேல் உன் சட்டை, என் முழங்காலில் உன் முழங்கால், நாற்காலிக்குள் உன் சப்பாத்து. நீ நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. நீ அங்கே இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

பேராசிரியர் வந்தார். பாத்திக் சட்டை. குனிந்து, மெதுவாகத்தான் பேசினார். “அடிக், எழுந்திரு. இது உன் அக்காவுக்கு நாங்க செய்யற மரியாதை.”

பள்ளி விவாதப் போட்டிக்குப் பேசிப் பழகிய மலாய் அன்றைக்குத்தான் உதவியது. “மரியாதைன்னா அவங்க செஞ்சத வச்சிருக்கணும். அந்த நிழல் யாருது? எங்க எழுதியிருக்கு? மனுஷங்கள வைக்க மாட்டேன்னு அவங்க சொன்னாங்க. அவங்களையே வச்சிட்டீங்க.”

நாற்காலியை விட்டு எழவில்லை.

“இவள கொஞ்சம் கூப்பிடுங்க” என்று பேராசிரியர் அம்மாவிடம் சொன்னார்.

அம்மா என்னை நோக்கி நடந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். என் தோளில் கைவைத்து, எழவிடாமல் அழுத்தினார்.

“அவ உக்காரட்டும்” என்றார், மலாயில். பிறகு, “நூருல், அத மூடு.”

நூருல் அக்கா பேராசிரியரின் முகத்தைப் பார்க்கவில்லை. கணினிக்குப் போனார். நீ பாதிக் கையாட்டலில் மறைந்தாய். திரையில் நான், நாற்காலி, அம்மாவின் கை.

“அவ செஞ்ச நாக்காலிய காட்டு. அதுதான் அவளோடது.”

கொஞ்ச நேரம் ஆனது. நூருல் அக்கா கணினியில் அதைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு திரையில் என் பக்கத்தில் இன்னொரு சிவப்பு நாற்காலி வந்து நின்றது. முதுகில் வெள்ளைச் சிலுவைக் குறி, ஒரு பக்கம் கீறல். நான்கு கால்களும் அந்தப் பளபளப்பான தரையில் அப்படியே ஊன்றி நின்றன.

கூட்டத்தில் இருந்து ஒரு பெரியவர் அலுத்துப்போய், திரையைப் பார்த்தபடியே அந்த நாற்காலியில் உட்கார வந்தார். கூலாய் மாமா பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

“அங்கிள், அங்கிள், கைய வச்சுப் பாத்துட்டு உக்காருங்க! நான் விழுந்தவன்! இன்னும் குனிய முடியல!”

பெரியவர் திரையைப் பார்த்தார், வெறும் தரையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கையை நீட்டினார். கை உள்ளே போனது. “வாவ்!” என்றார். மாமா, “எங்க அக்கா மக செஞ்சது” என்று சொல்லிவிட்டு, “இல்ல, எங்க தங்கச்சி மக” என்று திருத்திக்கொண்டார். அழுகிறவருக்கு முறை குழம்பிவிட்டது.

இதோடு என் கோபம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. பிறகு அவர்கள் வெளியிட்ட விழாப் படங்களில் அந்த நாற்காலி இல்லை. நீ கையாட்டிய படத்தைத்தான் பெரிதாகப் போட்டார்கள். உன் உருவத்தை அழித்துவிட்டதாக நூருல் அக்கா அம்மாவிடம் வந்து சொன்னார். அழித்திருப்பார். அழுதுகொண்டே அழித்திருப்பார். ஆனால் வேறு எந்தக் கணினியில் நீ சப்பாத்தோடு நின்றுகொண்டிருக்கிறாயோ, எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் பாடம் படிக்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது வேனில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

“என் மக சப்பாத்தோட உள்ள வரமாட்டா. எவ்ளோ பசியா இருந்தாலும் நான் ஒரு சத்தம் போட்டா திரும்பிப் போய் கழட்டிருவா. அது நின்னுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும்டி.”

“தெரிஞ்சும் ஏம்மா சரின்னீங்க?”

“இன்னொரு தடவ திட்டணும்போல இருந்துச்சு.”

மாமா வேனைக் கொஞ்ச நேரம் ஓரமாக நிறுத்தினார். நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அம்மாமேல் எனக்கிருந்த கோபம் அங்கே இறங்கிவிட்டது. அதையும் சேர்த்து உன்மேல் வைத்துக்கொண்டேன்.

நேற்றைக்கு வருகிறேன். நான் உட்கார்ந்த பிறகும் ஜெபக் கூட்டத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இடம் போதவில்லை. ரோஸ்லின் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த காலி இடத்துக்குப் போனாள். அம்மா ஜெபப் புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கினார்.

“அங்க வேணாம்மா. அங்க நாக்காலி இருக்கு.”

ரோஸ்லின் வெறும் தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வது? உன் பழைய டேப்லெட்டைத் திறந்து அந்தப் பக்கம் நீட்டினால் அது இன்னும் அங்கேதான் நிற்கிறது என்றா? ஒரு காலத்தில் அதற்குள் துடைப்பத்தோடு நடந்த அம்மா இப்போது தினமும் அதைச் சுற்றித்தான் கூட்டுகிறார் என்றா? மருந்தை நீட்டியபோது பூசிக்கொண்டிருந்தால், கூப்பிட்டபோது வந்திருந்தால், நீயே குப்புறப் படுத்தபடி தலையைத் தூக்கி, “ஏய், நாக்காலி!” என்று கத்தியிருப்பாய் என்றா?

வெளியே வாசலில் போடுவதற்காக அவள் கையில் இருந்த நாற்காலியை வாங்கிக்கொண்டேன். அந்த வாசனையோடு அது என் மார்பில் இடித்தது. உன்மேல் இருந்த கோபம் துளியும் குறையவில்லை. நேராகப் போனால் கதவுக்கு இரண்டே எட்டு. நான் சுற்றித்தான் போனேன்.